இறங்க முடியாத வண்டி

ஓமலூருக்குக் கிளம்பியபோது மோகன்குமார் மனைவியிடம் மக்காச்சோளம் பார்த்துவிட்டு வருவதாகத்தான் சொன்னான். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. தீவனத்துக்குச் சோளம் வாங்க அவ்வப்போது அந்தப் பக்கம் போய்வருவான். ஆகவே பிரவீனா வேறு எதுவும் கேட்கவில்லை. உண்மையில் அவன் போனது ஒரு கார் பார்க்க. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை உரசிக்கொண்டு போகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார்.

காருக்கு முன்னால் அவனுடைய இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் இடது இடுப்பில் ஒரு வலி வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் சுளுக்கு என்றான். பிரவீனா தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். வலி விடவில்லை. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் சேலத்தில் எலும்பு டாக்டரைப் போய்ப் பார்த்தான். இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது, மூட்டை மாற்றியே ஆக வேண்டும், அதுவரைக்கும் தரையில் உட்காராதீர்கள், குந்தி உட்காராதீர்கள், தாழ்வான நாற்காலியில்கூட உட்காராதீர்கள் என்றார் டாக்டர். மோகன்குமாருக்கு நாற்பத்தாறு வயது. போன வருடம்வரை கோழிக் கொட்டகையின் கூரைமேல் ஏறி அவனே தகடு மாற்றியவன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நலம் விசாரிப்பார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டாலும் அந்தத் தாழ்ந்த குரலை அவனால் பொறுக்க முடியாது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அதே வாரத்தில்தான் போனில் ஸ்போர்ட்ஸ் கார் தேட ஆரம்பித்தான். ஆசை திருச்செங்கோட்டில் காலேஜ் படித்த நாளிலேயே இருந்தது. கொட்டகை, போர்வெல், மகள் கனிஷ்காவின் படிப்பு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இப்போது இன்னதில் உட்காராதே என்று ஒருவர் சொன்ன பிறகு, கதவு சாத்துவதற்குள் ஒரு தடவையாவது உள்ளே போய்விட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஆனாலும் அவன் விவரமாகத்தான் தேடினான். நிறுத்திவைத்து அழகு பார்க்கிற வண்டி அவனுக்கு வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நாமக்கல் பேங்குக்கும் கல்யாணம் காட்சிக்கும் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். கிளட்ச் மிதித்தால் இடுப்பில் குத்துவதால் ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஏசி வேலை செய்ய வேண்டும், நம் ஊர் வேகத்தடைகளில் வயிறு தட்டாமல் ஏறி இறங்க வேண்டும், ஸ்பேர் பார்ட்ஸ் கோயம்புத்தூரிலாவது கிடைக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு மஞ்சள் வண்டி பார்த்தான். பந்தயத்துக்கென்று ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருந்தார்கள். ரோட்டில் கிடந்த ஜல்லி ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் தெரிந்தது. ஈரோட்டில் பார்த்த சிவப்பு வண்டி கண்ணைப் பறித்தது. மிதியடியைத் தூக்கினால் சேற்று வாடை அடித்தது, எங்கேயோ வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது. மூன்றாவதுதான் ஓமலூரில், பழைய கார் விற்கிற குருமூர்த்தியின் ஷெட்டில் நின்றது. ஜெர்மன்காரன் செய்தது, சாம்பல் நிறம்.

குருமூர்த்திக்கு ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. முதலில் வண்டியின் குறைகளைச் சொன்னார். பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும், இடது கண்ணாடி மோட்டார் மெதுவாக வேலை செய்யும், மடக்குகிற கூரையை அடிக்கடி மடக்காமல் இருந்தால் நல்லது. அதைக் கேட்டதுமே மோகன்குமாருக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கதவைத் திறந்து இடது காலை உள்ளே விட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட விழுந்தான் என்பது சரி. இருக்கை தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம்தான். விழுந்தபோது இடுப்புக்குள் சொடக்குப் போட்ட மாதிரி ஏதோ நகர்ந்தது. ஒரு நொடி கண் இருட்டியது. குருமூர்த்தி மறுபக்கம் ஏறி உட்கார்ந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஆனால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியதும் எல்லாம் மறந்துபோயிற்று. வலது கால் லேசாக அழுத்தினால் போதும், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. தர்மபுரி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்கள். ஷெட்டுக்குள் நுழையும்போது இதுதான் என்று முடிவே செய்துவிட்டான்.

குருமூர்த்தி கைப்பிடியைப் பற்றி, இரண்டு தடவை மூச்சு வாங்கி, இறங்கிவிட்டார். மோகன்குமார் கதவைத் திறந்து வலது காலை வெளியே வைத்தான். இடது கால் வரவில்லை.

வலியாக இருந்தால்கூடச் சமாளித்திருப்பான். கால் இருக்கிற இடத்திலேயே பூட்டு விழுந்தாற்போல நின்றுவிட்டது. கையால் தொடையைத் தூக்கிப் பார்த்தான். இடுப்பில் கத்தி பாய்ந்தது. ஒருவேளை கையை ஊன்றித் தரையில் சரிந்து, தவழ்ந்து வெளியே வந்துவிடலாம். அது அப்போதே மனதில் பட்டது. பட்ட வேகத்திலேயே அதைத் தள்ளினான். ஏனென்றால் ஷெட் வாசலில் இளம் தம்பதி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதே வண்டியைப் பார்க்க வந்தவர்கள். இவன் எப்போது இறங்குவான் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நான்கு காலில் தவழ்வதா?

வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினான்.

"இன்னொரு ரவுண்டு தனியா ஓட்டிப் பாத்துட்டு வாரேனுங்க" என்றான். "என்ற இன்னோவா சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."

"தாராளமா போய்ட்டு வாங்க சார்" என்றார் குருமூர்த்தி.

அப்படித்தான் அவன் அந்த வண்டிக்குள் மாட்டிக்கொண்டான்.

ஊரைத் தாண்டி ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தான். ஒரு காலி மனைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கதவைத் திறந்து இன்னொரு முறை முயன்றான். அதற்குள் பைக்கில் போன இரண்டு பேர் வண்டியைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டார்கள். என்ன வண்டி, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அடுத்து நிறுத்திய இடத்தில் டீக்கடைக்காரரே வெளியே வந்து பார்த்தார். அந்த வண்டி எங்கே நின்றாலும் நாலு பேரைக் கூட்டியது. யாரும் பார்க்காமல் ஒருவன் விழுந்து எழுவதற்கு அதில் இடமே இல்லை. ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அவன் முழு மனிதன். நின்றால் நொண்டி. ஆகவே ஓட்டிக்கொண்டே இருந்தான்.

சேலம் புறவழிச்சாலை வந்தது, சீலநாயக்கன்பட்டி வந்தது. மல்லூர் தாண்டியபோது பெட்ரோல் விளக்கு எரிந்தது. வேறு வழியில்லாமல் ஒரு பங்க்குக்குள் விட்டான். பெட்ரோல் மூடியை எங்கே அழுத்தித் திறப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பங்க் ஆள் தட்டிப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான், கடைசியில் திறந்துகொண்டது. அதற்குள் காலேஜ் பையன்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தன் குனிந்து, "அண்ணா, சித்த எறங்குங்கண்ணா, வண்டியோட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கறோம்" என்றான்.

மரியாதையாகத்தான் கேட்டான். அவசரமாகப் போக வேண்டும் என்று மோகன்குமார் சொன்னதும் அவர்களுடைய முகம் மாறியது. பெரிய வண்டி வைத்திருப்பவனின் திமிர் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தன் முணுமுணுத்தது காதிலும் விழுந்தது. இறங்க முடியவில்லை தம்பி என்று சொல்வதைவிடத் திமிர் பிடித்தவனாக இருந்துவிட்டுப் போவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அதை நினைத்துக் கொஞ்ச தூரம் போன பிறகு அவமானமாகவும் இருந்தது.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஓமலூரில் குருமூர்த்தி வாங்கிக் கொடுத்த இளநீர் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. ரோட்டோரத்தில் லாரியை நிறுத்திவிட்டு ஒரு டிரைவர் புதர் பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தபோது, அந்த மனிதனைப்போல் அதிர்ஷ்டசாலி உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

குருமூர்த்தி போன் செய்தார். கோபப்படவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் நீளமாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றான் மோகன்குமார். பிறகு பிரவீனா கூப்பிட்டாள். சோளம் அமைந்ததா என்றாள். ஈரப்பதம் அதிகம், இன்னும் ஒரு இடம் பார்க்க வேண்டும் என்று சொன்னான். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. சொல்லும்போது அவன் ராசிபுரத்தைத் தாண்டிவிட்டிருந்தான். தன்னையறியாமல் ஊரைப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டு வருகிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

பண்ணையில் கந்தன் இருப்பான், மேற்பார்வை பார்க்கிறவன், பலசாலி. கொட்டகைக்குப் பின்னால் விட்டு அவனை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சேந்தமங்கலம் பக்கம் திரும்பினான். ஆனால் பண்ணைக்குப் பிரிகிற மண்பாதை மழைக்குப் பிறகு நடுவில் மேடும் இரண்டு பக்கமும் பள்ளமுமாகக் கிடந்தது. முட்டை லாரி போய்ப் போய் ஆன பள்ளம். இந்த வண்டி அதில் இறங்கினால் வயிறு மேட்டில் உட்கார்ந்துவிடும். தினமும் போகிற தன் சொந்தப் பாதையின் வாசலில் போக வழியில்லாமல் நின்றான். இரண்டு பக்கமும் ஆளுயர மரவள்ளிச் செடிகள், குச்சிக்கிழங்குக் காடு. ஒரு புங்கமரத்தின் நிழலில் வண்டியை ஒதுக்கினான்.

மணியைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் முட்டை பொறுக்குகிற பெண்கள் வேலை முடிந்து இந்த வழியாகத்தான் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் கந்தன் வருவான். அத்தனை பேரும் முதலாளியை இந்தக் கோலத்தில் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் வர வேண்டும். கந்தனா பிரவீனாவா என்று யோசித்தான். கந்தன் தூக்கிவிட்டுவிட்டு வெளியே ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆனால் நாளையிலிருந்து மூட்டை தூக்கும்போது இவனுக்கு முன்னால் ஓடி வருவான். அதற்கு மனைவியின் கோபமே தேவலை என்று போனை எடுத்தான்.

ஸ்கூட்டியில் வந்த பிரவீனா முதலில் வண்டியைத்தான் பார்த்தாள். யாரோ வெளியூர்க்காரர் வழி கேட்க நிற்கிறார் என்று தாண்டிப் போகப் பார்த்தாள். அவன் ஹாரன் அடித்தான். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து கண்ணாடி வழியாகக் குனிந்தாள்.

"ஏனுங்க, இது யாரு வண்டி? நீங்க எப்படி இதுக்குள்ள?"

"என்னால எறங்க முடியல பிரவீனா" என்றான். காலையிலிருந்து அவன் சொன்ன முதல் உண்மை அது.

மீதியையும் சொன்னான். டாக்டர், செத்துப்போன எலும்பு, மாற்ற வேண்டிய மூட்டு, ஓமலூர், பூட்டிக்கொண்ட கால். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். இறக்கிவிடத்தான் கூப்பிட்டான், அவள் ஏறிக்கொண்டுவிட்டாள்.

"தெனமும் எண்ணெ தேச்சு உட்டனே" என்றாள். "நாமக்கல் ஆஞ்சநேயருக்குச் சுளுக்கு போகோணும்னு வேண்டிக்கிட்டு வடமாலை சாத்தினேன். சாமிகிட்டயே என்னையப் பொய் சொல்ல வெச்சுட்டீங்க."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் கொட்டகையில் ஏதோ வேலை ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவான். அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு எந்திரிச்சுப் போக முடியாதுல்லங்க?" என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பேசியதை ஏசியின் இரைச்சலுக்கு நடுவே அவன் முழுதும் கேட்டான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் எந்தப் பேச்சையும் கடைசிவரை பேசி முடித்ததில்லை என்றாள். பாதி வார்த்தையில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழகிவிட்டதாம். கனிஷ்கா சென்னையில் படிக்க ஆசைப்பட்டுக் கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள், அது அப்பாவுக்குத் தெரியுமா என்றாள். அவனுக்குத் தெரியாது. இங்கேயே படிக்க மகள் சம்மதித்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தான். தனியாக டாக்டரிடம் போய் உட்கார்ந்து, தனியாகக் கேட்டுக்கொண்டு, தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தானே, அந்த வழியெல்லாம் என்ன நினைத்தான் என்று கேட்டபோது மட்டும் அவள் குரல் உடைந்தது. எந்தக் குரலுக்கு அவன் பயந்தானோ அது இல்லை. தாழ்ந்த குரலே இல்லை. சத்தமாகத்தான் அழுதாள்.

"பயமா இருந்துச்சு" என்றான். "படுத்துட்டா எல்லாம் கைய உட்டுப் போயிரும்னு இருந்துச்சு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கனிஷ்கா விஷயம் என்ன என்றாள். யோசிக்கலாம் என்றான். இங்கேயே யோசியுங்கள், எனக்கு அவசரமில்லை, ஏசி நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அவன் காடு முடிகிற திசையைப் பார்த்தான். பெண்கள் வருகிற நேரம். இளநீர் வேறு. பிள்ளையைச் சேர்த்துவிடலாம் என்றான். பயத்தில் சொல்லிவிட்டாலும், சொன்ன பிறகு அதை மாற்றத் தோன்றவில்லை.

அதற்குமேல் அவள் தாமதிக்கவில்லை. இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் எழவில்லை. அக்குளில் கை கொடுத்துப் பார்த்தாள், இரண்டு பேரும் சேர்ந்து விழுந்திருப்பார்கள். நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கியவள் இருக்கையையும் தரையையும் பார்த்தாள்.

"இதுல எந்திரிக்கறது எதுக்குங்க? தரை இங்கதான கெடக்குது. கையை ஊனிக் கீழ எறங்குங்க."

காலையில் அவன் தள்ளிவிட்ட அதே வழி. இருக்கையை முழுதும் பின்னால் தள்ளி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றினான். இடது காலை அவள் ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் முட்டிக்குக் கீழே ஏந்திக்கொண்டாள். சரிந்து, தவழ்ந்து, புங்கம்பூ உதிர்ந்துகிடந்த தரையில் நான்கு காலில் வெளியே வந்தான். எத்தனை லேசான காரியம். அவள் தோளைப் பிடித்து எழுந்தபோது கண்ணில் நீர் வந்தது, ஆனால் நிற்க நேரமில்லாமல் கிழங்குக் காட்டுக்குள் நொண்டிக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது பிரவீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்னோவாவை எடுக்க வேண்டும். அவனை வீட்டில் விட்டுவிட்டுக் கந்தனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு நானே வருகிறேன் என்றான். மறுபடியும் அதற்குள் உட்கார வேண்டுமே என்றாள். தெரியும் என்றான். இந்தத் தடவை அவள் பிடித்துக்கொள்ள, மெல்ல, காலைப் பார்த்துப் பார்த்து உள்ளே வைத்தான். இன்னோவா ஓட்டிப் பழகிய பிரவீனா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவள் அந்த வண்டியை ஓட்டிய வேகத்தைப் பற்றி அவன் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதை மட்டும் அவள் பார்த்துவிட்டாள்.

ஓமலூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த இளம் தம்பதி இன்னமும் போகவில்லை. வேறு ஏதோ வண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் இதைக் கண்டதும் ஓடி வந்தார்கள். குருமூர்த்தியும் வந்தார். இன்னும் மூன்று நான்கு பேர் நின்றார்கள். மோகன்குமார் கதவைத் திறந்தான். எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கையைத் தரையில் ஊன்றி, சிமெண்டுத் தரையில் தவழ்ந்து வெளியே வந்தான். யாரும் பேசவில்லை. அந்த அமைதி அவன் பயந்த அளவுக்கே கொடுமையாக இருந்தது. பிரவீனா தோள் கொடுக்க, எழுந்து நின்று வேட்டியைத் தட்டிவிட்டான்.

"எனக்கு இடுப்பு எலும்பு போயிருச்சுங்க" என்றான் குருமூர்த்தியிடம். "காலைலயே எறங்க முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனாலதான் ஓட்டிக்கிட்டுப் போய்ட்டேன். பெட்ரோல் நெறச்சு வெச்சிருக்கறனுங்க."

குருமூர்த்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உயரமான நாற்காலி. தன் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறது என்றும், கொஞ்ச நாள் படுக்கைதான் என்றும், அந்தக் கொஞ்ச நாள் லேசுப்பட்டதில்லை என்றும் சொன்னார். குரலைத் தாழ்த்தாமல் வண்டியின் குறையைச் சொன்ன மாதிரியே சொன்னார்.

வண்டியை அந்தத் தம்பதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐப்பசியில் மோகன்குமாருக்கு ஆபரேஷன் நடந்தது. குருமூர்த்தி சொன்னது உண்மைதான். படுக்கையில் கிடந்த வாரங்கள் லேசாகப் போகவில்லை. திரும்பிப் படுக்கவும் தண்ணீர் குடிக்கவும் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்த நாட்களும் உண்டு. கந்தன் பண்ணைக் கணக்கைச் சொல்ல வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தான். சென்னைக்குப் போய்விட்ட மகள் தினமும் வீடியோவில் வந்தாள்.

நடக்க ஆரம்பித்ததும் மறுபடி போனில் கார் பார்க்க உட்கார்ந்துவிட்டான். இருக்கை கொஞ்சம் உயரமாக உள்ள ஸ்போர்ட்ஸ் கார் எதிலாவது உண்டா என்று தேடினான். விற்கிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை கை மாறியிருக்கிறது என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அவன் குறுக்கிட்டு, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லச் சொல்வான். சில பேர் பைத்தியம் என்று போனை வைத்துவிட்டார்கள். பிரவீனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஓட்டப்போவது அவள்தான் என்பதால் அவளுக்கும் சில கேள்விகள் இருந்தன.